கமிஷனர் பூனைக்கு எந்த கிளினிக்?

அந்த யோசனை எனக்கு ஆட்டோவில் வந்தது. அன்று வியாழக்கிழமை. விவேக் நகர் தேவாலயத்துக்கு ஊரே திரண்டு வரும் நாள். நம் அலுவலகமும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது என்பதால் வியாழன் காலைகளில் நான் சீக்கிரமே கிளம்பிவிடுவேன், அப்படியும் தாமதமாகத்தான் போய்ச் சேருவேன். ஈஜிபுரா சிக்னலில் ஆட்டோக்காரர் வண்டியைப் பாதி திருப்பி நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"மேடம், உள்ளாற பூந்து போலாமா, சுத்திக்கினு போலாமா?"

"எது போவுதோ அதுல போங்க."

"எதுவும் போவல மேடம்."

"அப்ப எது கம்மியா நிக்குதோ அதுல போங்க."

அவர் சிரித்துவிட்டுச் சுற்றுவழியை எடுத்தார். அப்போதுதான் உறைத்தது. எது பக்கம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரும் அதைக் கேட்பதில்லை. ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் போய் உட்காரப்போகும் கணினித் திரை அதை மட்டும்தான் கேட்கும். "அருகிலுள்ள கிளினிக்" என்று போட்டு, கிலோமீட்டரில் வரிசைப்படுத்திக் காட்டும். பெங்களூருவுக்கும் அப்படியே, வங்கக் கடலின் நடுவில் இருக்கும் ஒரு தீவுக்கும் அப்படியே.

அடுத்த வாரம் என் இருக்கையைப் பங்குபோட்டுக்கொள்ளப்போகும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். பணி அனுபவங்களையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகுதான் எழுத வேண்டும் என்று நம் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. அதனால் என்ன? அறுபதில் எழுதினால் என் தவறுகள்கூட அழகாகத்தான் தெரியும். சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஒப்பவில்லை என்றால் சண்டைக்கு வாருங்கள், தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். பிராணி வளர்ப்பவர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். இப்போது என்ன செய்ய வேண்டும், எங்கே கொண்டுபோக வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். முதலாவதைக் கல்லூரியில் ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதைத் திரை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம்.

அந்தத் தீவில் கால்நடை மருத்துவர் கிடையாது. பாதிக் குடும்பங்கள் தமிழ் பேசுபவை என்பதால் அங்கிருந்து வரும் அழைப்புகள் என்னிடம் வரும். எந்த அழைப்பு வந்தாலும் திரையில் ஒரே பதில்தான். பெரிய தீவின் நகரத்தில், நம்மோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் கிளினிக். எக்ஸ்ரே உண்டு, அறுவை அரங்கு உண்டு, கிட்டத்தட்ட ஐந்து நட்சத்திரம். நல்ல கிளினிக் என்பதில் சந்தேகமே இல்லை. நானே நான்கைந்து பேரை அங்கே அனுப்பியிருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை மதியம் லூர்து அண்ணன் கூப்பிட்டார். தீவின் படகுத்துறையில் இன்ஜின் பழுது பார்ப்பவர். அதற்கு முன் நான் அவரோடு பேசியதில்லை.

"மேடம், கமிஷனருக்கு வெளிக்குப் போகல."

"யாருக்கு?"

"கமிஷனருக்கு. பூனை மேடம், ஆம்பளப் பூனை. படகு ஜெட்டி மொத்தமும் அவன் கன்ட்ரோல்தான், அதான் அந்தப் பேரு."

"வெளிக்குப் போகலன்னு எப்படித் தெரியுது?"

"மூலை மூலையா போய் உக்காந்து முக்குறான். ஒண்ணும் வரல. விளக்கெண்ணெய் குடுத்தேன், அதையும் கக்கிட்டான்."

இந்த இடத்தில் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆண் பூனை மூலையில் உட்கார்ந்து முக்கினால் எல்லா வீட்டிலும் மலச்சிக்கல் என்றுதான் சொல்வார்கள். நாம் வேறு ஒன்றைக் கேட்க வேண்டும்.

"ஒண்ணுக்குப் போறானா?"

"அதை யாரு மேடம் பாத்தா?"

"அவன் உக்காந்து எழுந்த இடத்தைத் தொட்டுப் பாருங்க. ஈரம் இருக்கா?"

செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. "காஞ்சு கெடக்கு மேடம்."

"அடிவயித்துல மெதுவா கை வைங்க. அமுக்கிடாதீங்க."

கமிஷனர் போட்ட கத்தல் பக்கத்து மேசைவரை கேட்டது.

"உருண்டையா கல்லு மாதிரி இருக்குது மேடம். வாயைத் தொறந்தான், கடிக்கல."

கடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முந்தின நாள் மதியத்திலிருந்து இப்படித்தான் இருக்கிறான் என்றார். மூத்திரப்பாதை அடைத்துக்கொண்டால் பை நிறையும், நிறைந்த பிறகு விஷம் ரத்தத்துக்குத் திரும்பும், கடைசியில் இதயம் நிற்கும். ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது. திரையைப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரம் சாந்தமாக மின்னிக்கொண்டிருந்தது.

"டவுனுக்கு எப்ப கப்பல்?"

"நாளைக்குக் காலைல. நானும் அதான் நெனச்சேன் மேடம். எப்படியும் ஒரு கேஸ்கட் வாங்கணும், அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தணும், அப்படியே இவனையும் காட்டிட்டு வந்துடுறேன்."

இதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அந்தத் தீவில் ஒரே ஒரு வேலைக்காக யாரும் கடல் தாண்டுவதில்லை. நாலு வேலை சேரட்டும் என்று காத்திருந்து, நாலும் எந்த ஊரில் முடியுமோ அந்த ஊருக்குப் போவார்கள். மளிகை, உதிரிபாகம், வங்கி, அதோடு சேர்த்து ஆட்டுக்கு வைத்தியம். அவர்கள் கிளினிக்கைத் தேர்ந்தெடுப்பதில்லை, பயணத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்ஜின் கேஸ்கட் எங்கே கிடைக்கிறதோ அதுதான் பூனைக்கும் ஆஸ்பத்திரி. பெங்களூருவில் உட்கார்ந்து இந்தத் திரையை உருவாக்கியவர்கள் கடலை மறந்தார்கள். கடலிலேயே வாழ்கிறவர்கள் அவசரத்தை மறந்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே கிளினிக்கைக் கை காட்டினார்கள்.

"அண்ணே, நாளைக்குக் காலைல இவன் இருக்க மாட்டான்."

"அய்யோ. அப்ப என்ன மேடம் பண்றது?"

"வேற எங்கயாவது டாக்டர் இருக்காரா? எந்த டாக்டரா இருந்தாலும் சரி. இன்னைக்கே போய்ச் சேரணும்."

"எதிர்த் தீவுல மாட்டு டாக்டர் ஒருத்தர் இருக்காரு. டிங்கிப் படகுல முக்கால் மணி நேரம். ஆனா அவரு பூனையெல்லாம் பாக்க மாட்டாரு மேடம்."

"டிங்கி எடுங்க."

"பூனைக்கா?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க சிரிப்பானுங்க மேடம். போன மாசம் எங்க சித்தப்பாவுக்குப் பல்வலி, அதுக்கே தனியா டிங்கி எடுக்கல. பூனை மேல பாசம் கீசம்லாம் ஒண்ணும் கெடையாது. எலி வலையைக் கடிச்சிடும், இவன் இருந்தா கடிக்காது. அவ்ளோதான்."

சொல்லிவிட்டு, "டேய் கமிஷனரே, கண்ணத் தொறடா" என்று பூனையிடம் கெஞ்சினார்.

"சரி, வலைக்காகவே எடுங்க. யாராவது சிரிச்சா வலையைக் காட்டுங்க."

அவர் பெட்ரோல் தேடிப் போன நேரத்தில் நம் மேலாளர் மஞ்சுநாத் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். நல்ல மனிதர். பிறந்து வளர்ந்தது இதே விவேக் நகர், கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

"ஏன்மா டாக்டர், நம்ம பார்ட்னர் கிளினிக்கை முதல்லயே காட்டுதல்லா?"

"அது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு சார்."

"தீவுன்னா எல்லாமே கடலுக்கு அந்தப் பக்கம்தானம்மா?"

நியாயமான கேள்விதான். "எதிர்த் தீவு மாட்டு டாக்டர்கிட்ட இன்னைக்கே போயிடலாம். அங்க நாளைக்குத்தான் போக முடியும்."

"இந்த ஆளு நம்ம லிஸ்ட்டிலேயே இல்ல. பூனை பாக்காதவரு வேற. செத்துப்போச்சுன்னா நாம அனுப்பினதாலதான்னு ஆகும். பேடாம்மா, வேண்டாம். டவுனுக்கு அனுப்பிட்டு போனை வை."

"டவுனுக்கு அனுப்பினாலும் சாகும் சார். லிஸ்ட்படி சாகும், அவ்ளோதான் வித்தியாசம்."

 மஞ்சுநாத் சார் கத்தவில்லை. அவர் கத்தாதபோதுதான் பயம் வரும். "உன் பொறுப்புல செய்யறே. ஆய்த்தா, சரியா?"

"ஆய்த்து சார்."

துணிச்சல் என்று இதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அடுத்த சில மணி நேரத்தில் இந்த உயிருக்குத் தேவையான அந்த ஒரு காரியம் என்ன? எக்ஸ்ரே இல்லை, அறுவை அரங்கும் இல்லை. வயிற்றின் வழியாக ஓர் ஊசியை மூத்திரப்பைக்குள் விட்டுப் பாரத்தை இறக்க வேண்டும். அடைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஊசியைப் பிடிக்கத் தெரிந்த கை எதுவானாலும் போதும், அது மாட்டைத் தொட்ட கையாக இருந்தாலும் பரவாயில்லை. கிளினிக்கின் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கேள்வி எழவே எழாது.

டிங்கி கிளம்பியதும் மாட்டு டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் பெயர் இங்கே வேண்டாம்.

"பூனையா? படிச்சு முடிச்சு வந்தப்புறம் பூனையைத் தொட்டதே இல்லம்மா. அது கடிக்கும்."

"கடிக்கிற நிலைமையில இல்ல சார்."

"அப்ப இன்னும் மோசம். டவுனுக்குக் கொண்டுபோகச் சொல்லு. அங்க எல்லா மெஷினும் இருக்கு."

"கப்பல் நாளைக்குத்தான் சார். மூத்திரம் அடைச்சிருக்கு, நீங்க ஊசியால இறக்கிட்டாப் போதும். மெல்லிசா ஒரு ஊசி, ஒரு சிரிஞ்சு. இருக்குதா இல்லையா?"

"அது இல்லாத டாக்டர் உண்டா? பை கிழிஞ்சிட்டா?"

"சும்மா விட்டாலும் கிழியும் சார்."

"பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு எனக்கு போன்ல கிளாஸ் எடுக்குறியா நீ?"

"ஏசி ரிப்பேர் சார். கிளாஸ் எடுக்குறேன்தான். வேணாம்னா சொல்லுங்க, டிங்கியைத் திரும்பச் சொல்லிடுறேன்."

 அவர் சிரித்துவிட்டார். "வாயாடி. வரச் சொல்லு. கடிச்சான்னா உன் மேலதான் கேஸ் போடுவேன்."

அதன் பிறகு டிங்கியில் சிக்னல் போய்விட்டது. நம் வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான். நம் கையில் ஊசியும் இல்லை, பூனையும் இல்லை, கடலும் இல்லை. இதற்குள் வேறு ஒருவர் கூப்பிட்டு, தன் நாய்க்குட்டி சாக்ஸை விழுங்கிவிட்டது என்றார். அவரோடு பொறுமையாகப் பேசினேன். பேசும்போதே மனசு டிங்கியில்தான் இருந்தது. மஞ்சுநாத் சார் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டால் வெளியே கூட்டம், வண்டி எடுக்க முடியாது என்றார்.

கடைசியில் மாட்டு டாக்டர்தான் கூப்பிட்டார்.

"இறக்கியாச்சு. ரத்தம் கலந்து வந்துது, ஆனா வந்துது. சிரிஞ்சு சிரிஞ்சா எடுத்தேன், நிக்கவே இல்ல. அடைப்பை எடுக்க டியூப் இல்லியேம்மா."

"நரம்புல ஏத்துற ஊசி இருக்குல்ல சார், அதுல மேல பிளாஸ்டிக் உறை. ஊசியை உருவிட்டு..."

"தெரியும் தெரியும். கிளாஸ் போதும்." போனை வைத்துவிட்டார். மறுநிமிடமே திரும்பக் கூப்பிட்டார். "அந்த உறையில எந்த அளவு?"

சொன்னேன். சுற்றிலும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மஞ்சுநாத் சாரும் சிரித்தார்.

கமிஷனர் எதிர்த் தீவில் மூன்று நாள் இருந்தான். இரண்டாவது நாள் தெளிந்ததும் டாக்டரின் கட்டைவிரலைக் கடித்தான். அந்தக் கட்டைவிரலின் படம் எனக்கு வந்தது, கீழே "கேஸ் போடுறேன்" என்று எழுதியிருந்தது. அவன் படகுத்துறையில் வந்து இறங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள் என்று லூர்து அண்ணன் சொன்னார். "சிரிச்சவனுங்கதான் மேடம் மீன் கொண்டாந்து குடுத்தானுங்க. உப்பு மீன் குடுக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதுக்கு ஒரு சண்டை."

நம் அலுவலகத்தில் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பட்டியலில் இல்லாத இடத்துக்கு ஏன் அனுப்பினாய் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று மஞ்சுநாத் சார் நைச்சியமாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. பூனை பிழைத்ததால் இந்தத் திமிர் என்று நினைக்காதீர்கள். செத்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். செத்திருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன். நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன். தூரம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, "இன்றைக்கு மருத்துவரின் கை எப்போது படும்?" என்று ஒரு கட்டம் போடுங்கள்.

"கம்ப்யூட்டருக்கு அது எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது சார். நாமதான் கேக்கணும். கப்பல் இருக்கா, கடல் எப்படி இருக்கு, டாக்டர் ஊர்ல இருக்காரா, பிராணியைப் படகுல ஏத்துவாங்களா, எல்லாத்தையும் கேக்கணும்."

"ஒவ்வொரு கால்லயுமா? நேரம் ஆகுமே."

"ஆகட்டும் சார்."

பல வாரம் இழுத்தடித்து அந்தக் கட்டம் வந்தது. தூரத்தை எடுக்கவில்லை, அதற்குப் பக்கத்தில் ஒட்ட வைத்தார்கள். உங்கள் திரையில் அது காலியாகத்தான் இருக்கும். தானாக நிரம்பாது. அவசரத்தில் அதைத் தாண்டிப்போக ஒரு பொத்தானும் உண்டு. அந்தப் பொத்தானோடு எனக்கு இன்னும் தகராறுதான்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் எல்லோரையும் பக்கத்துத் தீவுக்கு அனுப்ப ஆரம்பித்துவிடக் கூடாது. கமிஷனர் கதைக்குப் பிறகு அந்த உற்சாகம் எனக்கும் தொற்றியது. கால் எலும்பு உடைந்து வெளியே தெரிந்த ஒரு நாயைக்கூட மாட்டு டாக்டருக்கு அனுப்பப் பார்த்தேன். அவர் சீறினார்.

"எல்லாத்தையும் என் தலையில கட்டுவியா? கட்டுப்போட்டு வலி ஊசி போடுறேன். நாளைக்குக் கப்பல்ல டவுனுக்கு அனுப்பு. இதுக்கு அந்த அரங்குதான் வேணும். அங்க போன் போட்டு இடம் பிடிச்சு வை."

அவர் சொன்னது சரி. அந்த நாய்க்கு ஒரு நாள் தாங்கும், ஆனால் எலும்பைச் சேர்க்கத் தெரிந்த கை வேண்டும். கமிஷனருக்கு யார் கையானாலும் போதும், ஒரு நாள் தாங்காது. மறுநாள் எதிர்த் தீவில் நாயைக் கப்பலில் ஏற்றும்போது இன்னொரு கூத்து நடந்தது. பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் சான்றிதழ் இல்லாத பிராணியை ஏற்ற மாட்டோம் என்றார்கள். தகுதியாக இருந்தால் அது ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று தொலைபேசியில் நான் கேட்டதற்கு, அதெல்லாம் தெரியாது, சான்றிதழ் வேண்டும் என்றார்கள். மாட்டு டாக்டர் "சிகிச்சைக்காகப் பயணம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தீவுக்காரர்களிடம் அழைப்பு வந்ததும் எனக்கு இரண்டு கிளினிக் தேவைப்பட்டது. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று.

இப்போது மழைக்காலம் வருகிறது. அந்தக் கடலில் மழைக்காலம் என்றால் வாரக்கணக்கில் கப்பல் வராது, டிங்கியும் இறங்காது. இன்றைக்கு ஒன்றும் கிடையாது, நாளைக்கும் ஒன்றும் கிடையாது. நான் சண்டை போட்டு வாங்கிய கட்டத்தில் அப்போது எதை எழுதுவது? போன மழையில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்தது. அந்த வீட்டம்மா கேட்ட எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, கை மட்டும் இல்லை. அந்தப் பசு போய்விட்டது. அதன் பிறகு அந்த அம்மா என்னை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

அதனால்தான் இருக்கையை உங்களிடம் விடுகிறேன். இந்த மழைக்காலம் முழுக்க நான் அந்தத் தீவில் இருக்கப்போகிறேன். ஐஸ் பேக்டரி மாடியில் லூர்து அண்ணன் ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறார். மாட்டு டாக்டர் கடல் மூடுவதற்கு முன் ஒரு தடவை வந்து, கன்று திரும்பியிருந்தால் எப்படிக் கை விடுவது என்று எனக்குக் காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காட்டித் தருகிறேன் என்று அவர் அந்த வார்த்தையில் சொல்லவில்லை. "இந்தத் தடவை கிளாஸ் நான் எடுப்பேன்" என்றார்.

"ஒரு டாக்டர், ஒரு சின்னத் தீவு, மழை நின்னதும் திரும்பி வந்துடுவே. இதுல என்னம்மா ஆகப்போகுது?" என்று மஞ்சுநாத் சார் கேட்டார். நல்ல கேள்வி. நான் போய்க் கிளினிக் என்று பலகை மாட்டினால் ஒன்றும் ஆகாது. மழை நின்றதும் பலகையும் என்னோடு கப்பல் ஏறிவிடும்.

அதனால் பலகை மாட்டப்போவதில்லை. முதல் வாரம் வீடு வீடாகப் போவேன். எல்லா உயிரும் நன்றாக இருக்கும்போதே போவேன். முதல் வீடு அந்தப் பசுவின் வீடு. அந்த அம்மா கதவைச் சாத்தினால் அடுத்த நாளும் போவேன். "உங்க மாடு கீழ விழுந்துட்டா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்பேன். சில வீடுகளில் மரியாதைக்காக "உங்களைத்தான் டாக்டரம்மா" என்பார்கள். உடனே இரண்டாவதையும் கேட்பேன்.

"நான் இல்லன்னா?"

அதற்குப் பதில் இல்லாத வீட்டில் ஒருவருக்காவது முதலுதவி கற்றுக்கொடுப்பேன். எல்லா வீட்டிலும் ஒரு பதில் கிடைக்கும்வரை நான் கப்பல் ஏற மாட்டேன்.